எச்.டி. நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவுசெய்தல்: எந்தப் பதிவு நம் கையில் நிற்கும்?

2025 ஜனவரி 28, மாலை

தெஹிவளை வாசகர் ஒருவரின் கேள்வி: "வீட்டுக்குப் புதிதாக 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கியிருக்கிறோம். எச்.டி. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து, வேலை முடிந்து வந்து பார்க்க என்ன வழி? தொலைக்காட்சியின் பின்புறம் யூ.எஸ்.பி. துளை இருக்கிறது. அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் போதுமா? என் நண்பரோ, இனிப் பதிவே தேவையில்லை, எல்லாம் யூடியூபில் வந்துவிடும் என்கிறார்."

2025 ஜனவரி 28, இரவு

நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கிரிக்கெட் துண்டுகள் வரும், தென்னிந்தியத் தொடர்கள் வரும். ஆனால் நம் ஊர்த் தமிழ் அலைவரிசை ஒன்றில் ஒரு வியாழக்கிழமை இரவு மூத்த நாடகக் கலைஞர் ஒருவர் ஒரு மணி நேரம் இருந்து கதைத்தால், அடுத்த மாதம் அதை எங்கே தேடுவீர்கள்? நான் தேடியிருக்கிறேன். கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரண்டு நிமிடத் துண்டுதான் கிடைக்கும், அதன் மேலே யாரோ ஒருவரின் பாட்டும் ஓடும்.

இனி யூ.எஸ்.பி. துளை. தொலைக்காட்சி தன் சொந்த டிஜிட்டல் டியூனரில் வாங்கும் அலைவரிசையைத்தான் அந்தத் துளை வழியாகப் பதிவுசெய்யும். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வெளியிலிருந்து வரும் படத்தை அது தொடாது. கொழும்பில் கூரை அன்டெனாவுக்கு வருவது இன்னும் பழைய அனலொக் ஒளிபரப்பு. 2014இல் அரசாங்கம் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையைத் தெரிவுசெய்தது. ஒளிபரப்புக்கென்று தாமரைக் கோபுரமும் எழும்பிவிட்டது. வீட்டுக் கூரையில் மட்டும் மாற்றம் இல்லை. ஆகவே அந்தத் துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால், ஏற்கெனவே வைத்திருக்கும் படங்களைப் பார்க்கலாம். இங்கே பதிவுக்கு உதவாது.

நம்மிடம் எச்.டி. வருவது கட்டணச் சேவையின் செட் டொப் பெட்டி வழியாகத்தான்: டயலொக் டிவி போலச் செய்மதி டிஷ்ஷில், அல்லது பியோ டிவி போலத் தொலைபேசி இணைப்பில். எனவே "தொலைக்காட்சி பதிவுசெய்யுமா" என்று கேட்பதில் பயன் இல்லை. "பெட்டி பதிவுசெய்ய விடுமா, விட்டால் அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம்" என்றுதான் கேட்க வேண்டும்.

2025 பெப்ரவரி 1

எவ்வளவு இடம் வேண்டும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். கணக்கு எளிது. எச்.டி. ஒளிபரப்பு ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே விநாடிக்கு 1 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 3.6 கிகாபைட். 1 டெராபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய 270 மணி நேரம் அடங்கும். விளையாட்டு அலைவரிசைகள் கொஞ்சம் கூடக் கேட்கும், செய்தி அலைவரிசைகள் குறையக் கேட்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. சில பெட்டிகள் டிஸ்க்கை ஃபேட்32 முறையில்தான் வடிவமைக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன வேகத்தில் அது சுமார் 70 நிமிடம். நல்ல பெட்டி அங்கே கோப்பை வெட்டி அடுத்த கோப்பைத் தானே தொடங்கும். மட்டமான பெட்டி சொல்லாமல் நிறுத்திவிடும். புதிய டிஸ்க்கை மாட்டியதும் இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைப் பதிவுசெய்து இதைச் சோதித்துவிடுங்கள். உறவினர் ஒருவர் தோன்றும் பேட்டியைப் பதிவுசெய்யும்போது இது தெரியவரக் கூடாது.

2025 பெப்ரவரி 1, சற்றுப் பின்

டிஸ்க் வாங்க யூனிட்டி பிளாசாவா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவா என்ற கேள்விக்கு: எங்கே வாங்கினாலும் உத்தரவாதச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2.5 அங்குல டிஸ்க் மின்சாரத்தையும் யூ.எஸ்.பி. வழியாகவே எடுக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 துளைக்குரிய அளவு 500 மில்லிஅம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அது போதாமல் போகலாம். "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் டிஸ்க் பழுது என்று கடைக்கு ஓட முன், தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி. ஹப் (பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி) ஒன்றினூடாக மாட்டிப் பாருங்கள்.

2025 பெப்ரவரி 4

விடுமுறை நாள், ஆறுதலாக எழுதுகிறேன். எனக்கு இந்த விடயத்தில் இருக்கும் கோபத்தின் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் முன்பு இருந்த பெட்டி யூ.எஸ்.பி. டிஸ்க்கில் அழகாகப் பதிவுசெய்தது. அம்மா விரும்பும் கோயில் நேரடி ஒளிபரப்புகள், கர்நாடக இசைக் கச்சேரிகள், நான் சேர்த்த ஆவணப்படங்கள் என்று டிஸ்க் நிரம்பியிருந்தது. பெட்டி பழுதானது. நிறுவனத்தார் வந்து அதே வகைப் புதிய பெட்டியைத் தந்துவிட்டுப் போனார்கள். டிஸ்க்கை மாட்டினால் கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றன, ஒன்றும் ஓடவில்லை. ஒவ்வொரு பதிவும் அந்தப் பழைய பெட்டியின் சாவியால் பூட்டப்பட்டிருந்தது. பெட்டி போனதோடு சாவியும் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் மரியாதையாகவே சொன்னார்: "பதிவு வசதி தற்காலிகமாகப் பார்ப்பதற்கு மட்டும்." இதை இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே சொல்லியிருக்கலாமே.

அதே அலுமாரியில் அப்பா வைத்துவிட்டுப் போன வி.எச்.எஸ். நாடாக்கள் இருக்கின்றன. 1996 மார்ச் 17, லாகூர் இறுதி ஆட்டம், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. படம் மங்கல், ஓரத்தில் நிறம் கசிகிறது, ஆனால் ஓடுகிறது. நாடாவை ஓட்டும் டெக் பழுதானபோது வெள்ளவத்தையில் பழைய டெக் ஒன்றை வாங்கிப் போட்டோம், அதிலும் ஓடியது. நாடாவுக்கு எந்த டெக் என்ற வேறுபாடு கிடையாது. ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பழைய நாடா ஓடும்போது, சில ஆண்டுகளுக்கு முந்திய எச்.டி. பதிவு ஓடவில்லை என்றால், தரம் என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

2025 பெப்ரவரி 5

"ஒளிபரப்பியவர்களிடம் பிரதி இருக்கும்தானே" என்று ஒருவர். இருக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. பி.பி.சி. 1960களிலும் 70களிலும் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 'டொக்டர் ஹூ' தொடரின் ஏராளமான பகுதிகள் அப்படித்தான் இல்லாமற்போயின. ஆனால் காணாமற்போன அந்தப் பகுதிகளின் ஒலி இன்றும் இருக்கிறது. அது எப்படி மிஞ்சியது தெரியுமா? தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து வீட்டில் பதிவுசெய்த இரசிகர்களால். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் களஞ்சியத்தில் இல்லாததைச் சாதாரண வீடுகள் வைத்திருந்தன. நம்முடைய ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அந்தக் காலத் தமிழ் நாடகங்களில் எத்தனை எந்த வீட்டு அலுமாரியில் இருக்கின்றனவோ.

2025 பெப்ரவரி 9, இரவு

இன்று நாடு முழுக்க மின்சாரம் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்றுதான் காரணம் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். அதை மற்றவர்கள் பேசட்டும். நான் பதிவு பற்றி மட்டும்.

ஞாயிறு முற்பகல் என்பதால் இரண்டு பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பெட்டியில். மற்றது மேசைக் கணினியில், அன்டெனாக் கம்பியை யூ.எஸ்.பி. டியூனர் ஒன்றில் செருகி, உள்ளூர் அலைவரிசையைப் பதிவுசெய்யும் ஏற்பாடு. மின்சாரம் மணிக்கணக்கில் வரவில்லை. வந்தபின் பார்த்தால், பெட்டியின் பதிவு அறுந்த இடம்வரை ஓடுகிறது. கணினியின் கோப்பு திறக்கவே மறுக்கிறது, அளவு மட்டும் கிகாபைட் கணக்கில் காட்டுகிறது.

காரணம் கோப்பின் வகை. எம்.பி.4 கோப்பு எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதும். முடிவு வராவிட்டால் அட்டவணை இல்லை. அட்டவணை இல்லாவிட்டால் படத்தை ஓட்டும் மென்பொருளுக்கு ஒன்றும் புரியாது. ஒளிபரப்பில் வரும் டி.எஸ். வகை வேறு மாதிரி. 188 பைட் கொண்ட சிறு பொதிகளாக ஓடுவதால் எந்த இடத்தில் அறுந்தாலும் அதுவரை உள்ளது பிழைக்கும். எம்.கே.வி. என்ற கோப்பு வகையும் தாங்கும். கணினியில் ஓ.பி.எஸ். போன்ற பதிவு மென்பொருள்களால் பதிவுசெய்பவர்கள் இன்றே எம்.கே.வி.க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு தரம் குறையாமல் எம்.பி.4 ஆக மாற்ற அதிலேயே வழி இருக்கிறது.

2025 பெப்ரவரி 11

முறைவைத்து மின்வெட்டு நடக்கிறது. 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய 12 வோல்ட் மின்கலப் பெட்டி பல வீடுகளில் சும்மா கிடக்கும். உங்கள் செட் டொப் பெட்டியின் அடப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றிருந்து, அம்பியர் அளவும் மின்கலப் பெட்டி தரும் அளவுக்குள் இருந்து, செருகியும் பொருந்தினால் அதையே பயன்படுத்தலாம். பதிவுக்குத் தொலைக்காட்சி இயங்கத் தேவையில்லை. பெட்டியும் டிஸ்க்கும் டிஷ்ஷும் உயிரோடு இருந்தால் போதும். தொலைபேசி இணைப்பில் வரும் சேவை என்றால் ரவுட்டருக்கும் மின்சாரம் வேண்டும்.

2025 பெப்ரவரி 15

12ஆம் திகதி நவம் போயா விடுமுறை, முதல் ஒருநாள் ஆட்டத்தை வீட்டிலிருந்தே பார்த்தேன். நேற்று வெள்ளி, வேலை நாள். பிரேமதாச அரங்கில் அவுஸ்திரேலியாவுடனான இரண்டாவது ஒருநாள் ஆட்டத்தைப் பதிவில் போட்டுவிட்டுப் போனேன். அலுவலகத்தில் யாரும் ஓட்ட எண்ணிக்கை சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். லிஃப்டில் யாரோ ஒருவர் "107!" என்று கத்தியபோது காதைப் பொத்திக்கொண்டேன், பயனில்லை. எதிரணி 107க்குள் சுருண்டது, 174 ஓட்டங்களால் வெற்றி. முடிவு தெரிந்த பிறகும் இரவு இருந்து முழுவதும் பார்த்தேன். குசல் மெண்டிஸின் சதத்தை, விளம்பரங்களைத் தாண்டிக்கொண்டு, விரும்பிய அடியை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது நேரடி ஒளிபரப்பில் கிடைக்காத சுகம்.

ஆட்டம் சீக்கிரம் முடிந்ததால் பதிவின் கடைசிப் பகுதியில் வேறு ஏதேதோ நிகழ்ச்சிகள். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து: மழையால் ஆட்டம் நீளும், நிகழ்ச்சி அட்டவணையில் உள்ள நேரத்தில் பெட்டி நிறுத்திவிடும். முடிவு நேரத்தைக் கையால் ஒரு மணி நேரமாவது கூட்டி வையுங்கள்.

அடுத்ததையும் எழுதிவிடுகிறேன். கணினியில் போட்டுப் பார்க்கும்போது பந்து ஓடும் இடத்தில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிகின்றன என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். டிஸ்க்கில் பழுது இல்லை. 1080 ஐ என்ற ஒளிபரப்பு ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரு பாதியாக அனுப்புகிறது. விநாடிக்கு 25 முழுப் படம், 50 பாதி. வேகமாக நகரும் பொருள் இரண்டு பாதியிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். வி.எல்.சி. மென்பொருளில் "டீஇன்டர்லேஸ்" என்பதை இயக்குங்கள், சரியாகும். இதற்காகக் கோப்பையே மாற்றி எழுதாதீர்கள். வந்ததை வந்தபடியே வைத்திருப்பதே நல்லது.

2025 பெப்ரவரி 23

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: பெட்டியின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டைப் பிடிப்புக் கருவி ஒன்றில் செருகிக் கணினியில் பதிவுசெய்தால் பூட்டு இல்லாத கோப்பு கிடைக்குமே?

செருகினால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். எச்.டி.சி.பி. என்ற பாதுகாப்பு முறை அந்தக் கம்பிக்குள் இருக்கிறது. பார்ப்பதற்கான திரைதான் மறுமுனையில் இருக்கிறது என்று உறுதியானால் மட்டுமே பெட்டி படத்தைக் கொடுக்கும். அதை ஏமாற்றும் மலிவுக் கருவிகள் சந்தையில் இருப்பது எனக்கும் தெரியும். நான் அவற்றை வாங்கவில்லை, இங்கே பெயர் சொல்லவும் மாட்டேன். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒருவர் தம் சொந்தப் பாவனைக்காக ஒரேயொரு பிரதி எடுப்பதற்கு இடம் வைத்திருக்கிறது. பாதுகாப்பை உடைக்கும் கருவிகளை அதே சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. முதலாவது என் உரிமை; இரண்டாவதில் கால் வைக்க எனக்கு விருப்பமில்லை.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் உள்ள பழைய வெளியீடு உங்கள் பெட்டியில் இருந்தால் அது வேறு வழி. ஆனால் மஞ்சள் முனையில் எச்.டி. வராது, சாதாரணத் தரமான 576 வரிகள்தான்.

2025 பெப்ரவரி 24

"வீட்டில் பதிவுசெய்வதே திருட்டு" என்று எழுதியவருக்கு. இந்த வழக்கு தீர்க்கப்பட்டு நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. சோனியின் பீட்டாமெக்ஸ் கருவிக்கு எதிராக யுனிவர்சல் ஸ்டூடியோ தொடுத்த வழக்கில், 1984 ஜனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் சொன்னது: பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது நியாயமான பாவனை. அது அமெரிக்கச் சட்டம், இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் நான் பணம் கட்டி வாங்கும் ஒளிபரப்பை இரவு எட்டுக்குப் பதில் பத்துக்குப் பார்ப்பதால் யாருடைய சட்டைப்பையில் கை வைத்தேன்? இதற்கு நேரடியான பதில் வந்தால் நான் கேட்கத் தயார்.

2025 மார்ச் 9

இந்த இழையை மீண்டும் வாசித்தேன். எச்.டி., எச்.டி. என்றே எல்லோரும் பேசியிருக்கிறோம். இரண்டு வாரமாக என் மனதில் வேறு ஒன்று ஓடுகிறது.

எச்.டி.யில் வருபவற்றைப் பாருங்கள்: சர்வதேச விளையாட்டு, பெரிய திரைப்படங்கள், பெரிய நாடுகளின் ஆவணப்படங்கள். இவையெல்லாம் உலகில் எங்கோ பத்திரமாக இருப்பவை. என் பதிவு அழிந்தாலும் அவை அழியாது. மாறாக சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகளில் வரும் கலந்துரையாடல், பள்ளிக்கூட நாடகப் போட்டி, மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அரை மணி நேர விவரணம், இவை பெரும்பாலும் சாதாரணத் தரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. அன்டெனாவிலும் வருகின்றன. அங்கே பூட்டு இல்லை. மலிவான டியூனர் ஒன்றும் பழைய கணினியும் போதும், கோப்பு முழுக்க முழுக்க நம்முடையது.

ஆகவே எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டு அழிப்பதற்கு: பெட்டி, எச்.டி., பூட்டு இருந்தாலும் பரவாயில்லை. வைத்திருப்பதற்கு: அன்டெனா, 576 வரி, பூட்டில்லாத கோப்பு. அன்டெனாவைக் கொஞ்சம் உயர்த்தி, கடற்காற்றில் பச்சை பிடித்திருந்த இணைப்பு முனைகளை மாற்றியபோது படம் எவ்வளவோ தெளிந்தது. வெள்ளவத்தையில் கடற்கரை வீதிப் பக்கம் இருப்பவர்கள் அந்த முனைகளை ஆண்டுக்கொரு தடவையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 மார்ச் 10

கொச்சிக்கடையிலிருந்து ஒருவர், பூட்டில்லாத செய்மதி அலைவரிசைகளுக்கு, அவற்றைக் கணினியில் பிடிக்கும் டி.வி.பி.-எஸ்2 அட்டையும் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருளும் நல்ல சோடி என்று எழுதியிருக்கிறார். உண்மை. பதிவு நேரடியாக டி.எஸ். கோப்பாக விழும். நேரம் ஒதுக்கி அமைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. இந்திய அலைவரிசை பதிவுசெய்யும்போது நேர வித்தியாசம் பார்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார். வேண்டாம், 2006 ஏப்ரலிலிருந்து இரு நாட்டு நேரமும் ஒன்றுதான். அதற்கு முந்திய பத்தாண்டில் நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே ஓடியது. அப்பா டெக்கின் டைமரில் அந்த அரை மணியைக் கூட்டிக் கூட்டிப் போட்டது நினைவிருக்கிறது.

2025 ஏப்ரல் 6

மாலை இடி தொடங்கிவிட்டது. டிஷ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கனத்த மழையில் டிஷ்ஷுக்கு வரும் கே.யூ. அலைப்பட்டைச் சமிக்ஞை நலிந்து படம் சதுரம் சதுரமாக உடையும்; பதிவிலும் அப்படியே விழும், அதற்கு மருந்து இல்லை. மின்னல் வேறு. பதிவு ஓடுகிறதே என்று பார்க்காமல் டிஷ் கம்பியையும் மின்சாரத்தையும் கழற்றிவிடுங்கள். எங்கள் தொடர்மாடியில் சென்ற ஆண்டு ஒரே மின்னலில் பல வீட்டுப் பெட்டிகள் போயின.

2025 ஏப்ரல் 7

அன்டெனாக் கம்பியையும் கழற்ற வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆம், அதையும்தான்.

2025 ஆகஸ்ட் 22

நேற்று நல்லூர்த் தேர். அம்மாவுக்கு இப்போது யாழ்ப்பாணம்வரை பயணம் செய்ய முடிவதில்லை. நேரடி ஒளிபரப்பை இரு வழியிலும் பதிவுசெய்தேன்: அவர் இன்று பெரிய திரையில் பார்க்க எச்.டி. பெட்டியில், வைத்திருக்க அன்டெனாவிலிருந்து கணினியில். பெட்டியின் படம் கண்ணைப் பறிக்கிறது, தேரின் சிற்பம் ஒவ்வொன்றும் தெரிகிறது. அம்மா அதைத்தான் பார்த்தார். கணினிக் கோப்பை இரண்டு டிஸ்க்குகளில் பிரதிசெய்து, ஒன்றைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதிகளை நான் இரண்டு என்று எண்ணுவதில்லை. "ஒரேயொரு பிரதி" என்று சட்டம் சொல்கிறதே என்று யாராவது கேட்டால், காப்புப் பிரதியை நான் யாருக்கும் காட்டுவதில்லை, விற்பதில்லை என்பதே என் பதில். கனடாவிலிருந்து சித்தி கேட்டார், அனுப்பவில்லை. டிசம்பரில் வரும்போது இங்கேயே பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, பெப்ரவரியில் நான் எழுதிய பழைய நாடாக்கள் பற்றி. கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர் தம்மிடம் 1980களில் பதிவுசெய்த தமிழ் நாடகங்கள் சில இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் ஓடும் டெக் இருக்கிறது, கணினிக்கு மாற்றித் தருகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: நாடாவின் சிறு கண்ணாடியினூடாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெண்மையாகத் தூள்போலப் படிந்திருந்தால் அது பூஞ்சை. கொழும்பின் ஈரப்பதத்தில் அது பிடிக்காத நாடா குறைவு. அப்படியானால் எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா அறுந்துவிடலாம், டெக்கின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாடாவுக்கும் தொற்றும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, முதலில் எனக்கு எழுதுங்கள். பூஞ்சை இல்லாதவற்றை அடுத்த ஞாயிறே தொடங்கலாம்.